11 மணி மர்மம்: பாதி சர்வர் ரூமில், பாதி கிளவுடில் மானிட்டரிங் நிறுவிய கதை

காலை 11 மணி ஆனால் போதும், டீலர்களிடமிருந்து போன் வரத் தொடங்கும். "ஆர்டர் போட முடியலைங்க, சுத்திக்கிட்டே இருக்குது" என்பார்கள். 11.20 வாக்கில் தானாகவே சரியாகிவிடும். அதற்குள் நாங்கள் நாலு பேரும் நாலு திரையைத் திறந்து பார்த்திருப்போம். டேட்டாபேஸ் பார்ப்பவர், "என் பக்கம் சிபியு 20 சதவீதம்கூட இல்லை" என்பார். நெட்வொர்க் பார்க்கும் அண்ணன், "லிங்க் பக்காவா இருக்குது" என்பார். கிளவுட் பக்கத்தைப் பார்த்த நான், என் பங்குக்கு, "போர்ட்டல் நல்லாத்தான் ஓடுது" என்பேன். நாங்கள் சொன்னது எல்லாமே உண்மை. டீலர் சொன்னதும் உண்மை.

நான் அப்போது வேலை பார்த்தது கோவையில் பம்பும் மோட்டாரும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில். ஈஆர்பி எனப்படும், நிறுவனத்தின் அன்றாட வேலைகளெல்லாம் ஓடும் மென்பொருள், அதன் டேட்டாபேஸ், விலை கணக்கிடும் சேவை, ஸ்டாக் சேவை எல்லாம் தொழிற்சாலை வளாகத்துச் சர்வர் ரூமில் இருந்தன. டீலர் போர்ட்டலும் மொபைல் ஆப்பின் பின்புலமும் மும்பையில் உள்ள கிளவுடில். நடுவே இரண்டையும் இணைக்க ஒரு விபிஎன், அதாவது மறைகுறியாக்கப்பட்ட தனிப் பாதை. டீலர் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் கோரிக்கை மும்பையில் புறப்பட்டு, கோவைக்கு வந்து விலை கேட்டு, ஸ்டாக் பார்த்து, மறுபடி மும்பைக்குத் திரும்பும். இந்தப் பயணம் முழுவதையும் பார்க்கும் கண் எங்கள் யாரிடமும் இல்லை. அவரவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தெருவில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எனவே மானிட்டரிங் நிறுவ வேண்டும் என்று முடிவானது. செலவு பண்ண முடியாது என்பதும் கூடவே முடிவானது. எண்களைச் சேகரிக்க பிரோமிதியஸ், அவற்றைக் கோடுகளாக வரைந்து காட்ட கிராஃபானா, கோரிக்கைகளைப் பின்தொடர ஓப்பன்டெலிமெட்ரியும் ஜேகரும் என்று எல்லாமே ஓப்பன் சோர்ஸ் கருவிகள். "ஒரு வாரத்தில் முடித்துவிடலாம்" என்று நான் மீட்டிங்கில் சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். ஏழு வாரம் ஆனது. அதில் மென்பொருளை நிறுவப் போனது மொத்தமாகச் சேர்த்தால் இரண்டு நாள் இருக்கும்.

முதல் தவறு வரைபடத்திலேயே இருந்தது. பிரோமிதியஸ் ஒவ்வொரு சர்வரையும் தேடிப் போய் எண்களைக் கேட்டு வாங்கும் வகை. அதனால் கிளவுடில் ஒரே ஒரு பிரோமிதியஸை வைத்து, அது விபிஎன் வழியாகக் கோவையில் உள்ள 30 சர்வர்களையும் 15 நொடிக்கு ஒரு முறை போய்ப் பார்க்கட்டும் என்று திட்டம் போட்டேன். லினக்ஸ் சர்வர்களுக்கு 9100, விண்டோஸுக்கு 9182, போஸ்ட்கிரெஸுக்கு 9187 என்று சர்வருக்குள் நுழையும் வாசல்களான போர்ட் எண்களைப் பட்டியல் போட்டு நெட்வொர்க் அண்ணனிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முழுதாகப் படித்தார். "தம்பி, வெளியில இருந்து உள்ள வர்றதுக்கு இத்தனை ஓட்டை போட்டா, அப்புறம் சுவரு எதுக்குங்க?"

அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி, அதுவும் பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. அந்தத் திட்டப்படி போயிருந்தால், விபிஎன் அறுந்த நிமிடமே கோவையில் உள்ள 30 சர்வர்களும் செத்துவிட்டதாக மும்பை அலறியிருக்கும். உண்மையில் அவை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம், அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்தது என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. கடைசியில் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பிரோமிதியஸ் என்று ஆனது. கோவைப் பிரோமிதியஸ் கோவைச் சர்வர்களை மட்டும் பார்க்கும். முக்கியமான எண்களை மட்டும் வடிகட்டி ரிமோட் ரைட் முறையில் மும்பைக்கு அனுப்பிவைக்கும். உள்ளிருந்து வெளியே போக 443 என்ற ஒரே போர்ட். வெளியிலிருந்து மானிட்டரிங்குக்காக உள்ளே வர ஒன்றுமே இல்லை. அண்ணன் அந்த ஒரு விதியைப் பத்து நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார்.

கோவைப் பக்கத்துக்கு, உற்பத்திப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பழைய சர்வர் கிடைத்தது. டிஸ்க் போதுமா என்று கணக்குப் போட்டேன். சிபியு, நினைவகம் என்று தொடர்ந்து அளக்கும் ஒவ்வொன்றும் ஒரு தொடர். ஒரு சர்வருக்குச் சுமார் 1,000 தொடர்கள், 30 சர்வருக்கு 30,000. 15 நொடிக்கு ஒரு முறை என்றால் நொடிக்கு 2,000 அளவீடுகள். ஒவ்வொன்றும் டிஸ்கில் ஒன்று முதல் இரண்டு பைட் பிடிக்கும். 15 நாள் வைத்திருக்க 5 ஜிபி சொச்சம், 90 நாளுக்கு 31 ஜிபி. அவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். பிரோமிதியஸ் சும்மா விட்டால் 15 நாள் தரவை மட்டும்தான் வைத்திருக்கும். 90 நாள் என்று நாமாகத்தான் மாற்ற வேண்டும். இன்னொன்று, "நாஸ்ல நிறைய இடம் சும்மா கிடக்குதே, அதுல வெச்சுக்கோங்க" என்று யாராவது அன்போடு சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். என்எஃப்எஸ் முறையில் இணைக்கும் இந்த மாதிரி நெட்வொர்க் டிஸ்க் மீது பிரோமிதியஸ் தன் தரவை வைப்பதை அதன் ஆவணமே ஆதரிப்பதில்லை.

நிறுவத் தொடங்கிய முதல் நாளே இரண்டு மணி நேரம் ஒரு அற்பத்துக்குப் போனது. சர்வரின் எண்களைப் பிரோமிதியஸுக்கு எடுத்துக் கொடுக்கும் நோடு எக்ஸ்போர்ட்டர் என்ற சிறு நிரலை என் ஹோம் டைரக்டரியில் இறக்கி, அங்கே ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. எம்வி கட்டளையால் அதை அதற்குரிய இடத்துக்கு நகர்த்தி, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி வழியாக ஓட்டினால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது. கோப்பின் உரிமையாளர், அனுமதி எண்கள், எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. லினக்ஸின் கூடுதல் காவலாளியான எஸ்இலினக்ஸ்தான் காரணம். அது ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை குத்தி வைத்திருக்கும். எம்வி செய்தால் கோப்பு தன் பழைய முத்திரையைக் கூடவே தூக்கிக்கொண்டு போகும், 'நான் ஹோம் டைரக்டரிக்காரன்' என்று. காப்பி செய்திருந்தால் புது இடத்தின் முத்திரை விழுந்திருக்கும். முத்திரையைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் என்று ஒரு கட்டளை கொடுத்ததும் ஓடியது. இந்த இடத்தில் பலர் எஸ்இலினக்ஸையே அணைத்துவிடுவார்கள். எனக்கும் கை போனது. அந்தச் சர்வர் ஈஆர்பியினுடையது என்பதால் பயந்து நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது சான்றிதழ். முதலில் தரவை நிறுவனத்தின் இன்டர்நெட் ப்ராக்ஸி வழியாக அனுப்பலாம் என்று முயன்றேன். 'அறியப்படாத அமைப்பு கையெழுத்திட்ட சான்றிதழ்' என்று பிழை வந்துகொண்டே இருந்தது. எங்கள் ப்ராக்ஸி, வெளியே போகும் மறைகுறியாக்கப்பட்ட போக்குவரத்தையெல்லாம் பிரித்துப் பார்த்து, தன் சொந்தச் சான்றிதழால் மறுபடி மூடி அனுப்பும். அலுவலகக் கணினிகளில் அந்தச் சான்றிதழ் ஏற்கனவே நிறுவப்பட்டிருந்ததால் பிரவுசரில் ஒருபோதும் தெரிந்ததில்லை. லினக்ஸ் சர்வர்களுக்கு அதைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சரி, லினக்ஸில் சேர்த்தேன். பிரோமிதியஸ் பேச ஆரம்பித்தது, ஜாவா சேவைகள் மட்டும் அதே பிழையில் நின்றன. ஜாவாவோ, இயங்குதளத்தின் பட்டியலைப் பார்க்காமல் தன் சொந்த நம்பிக்கைப் பட்டியலை வைத்துக்கொள்ளும். ஜாவாவின் கீடூல் என்ற கருவி கொண்டு அங்கேயும் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. 'சரிபார்ப்பைத் தவிர்' என்று ஒரு வரி போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அப்படிப் போட்ட வரியை அப்புறம் யாரும் திரும்பி எடுப்பதில்லை, நானும் எடுத்திருக்க மாட்டேன்.

இவ்வளவும் செய்தபின், உள் சர்வர் பெயர்களெல்லாம் பொது இணையம் வழியாகப் போக வேண்டாம் என்று ஐடி தலைவர் சொல்லிவிட்டார். விபிஎன் வழியாகவே போகட்டும் என்றார். அங்கேதான் உண்மையான வதை காத்திருந்தது.

கர்ல் கட்டளையால் கோவையிலிருந்து மும்பையைத் தொட்டால் உடனே பதில் வந்தது. மறைகுறியாக்கத்தைத் தொடங்கும் டிஎல்எஸ் கைகுலுக்கல் சுத்தமாக முடிந்தது. சோதனைக்கு நாலைந்து அளவீடுகளை அனுப்பினால் போய்ச் சேர்ந்தன. முழுத் தரவையும் திறந்துவிட்டால் நின்றுவிடும். 'காலக்கெடு தாண்டியது' என்று மட்டும் பதிவில் ஓடிக்கொண்டிருக்கும். நான் பிரோமிதியஸின் வரிசை அளவை மாற்றினேன். காலக்கெடுவை 30 நொடியிலிருந்து 2 நிமிடமாக்கினேன். மும்பைப் பக்கத்து இயந்திரத்தைப் பெரிதாக்கினேன், அதற்கு ஒரு பில் வேறு வந்தது. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது அண்ணனிடம் புலம்பினேன். சின்னது போகுது, பெரிசு போகலை. அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "இதை மொதல்லயே சொல்ல வேண்டாங்களா?" திரும்பி வந்ததும், துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்தோடு பிங் அனுப்பச் சொன்னார். 1,472 பைட் போட்டால் பதில் இல்லை. 1,372 போட்டால் பதில் வந்தது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1,500 பைட் வரை போகலாம், பிங்கின் தலைப்பு 28 பைட் போக மிச்சம் 1,472. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறைக்குள் போட்டு ஒட்டுவதால், உள்ளே இருப்பது அந்த அளவுக்குச் சிறியதாக இருந்தால்தான் உறை வாசலில் நுழையும். பெரிதாக இருந்தால், 'துண்டாக்கிக் கொடு' என்று வழியில் உள்ள கருவி ஐசிஎம்பி செய்தி ஒன்றைத் திருப்பி அனுப்பும். ஐசிஎம்பி என்பது நெட்வொர்க் கருவிகள் தங்களுக்குள் தகவல் சொல்லிக்கொள்ளும் முறை, பிங்கும் அதில் ஒரு வகை. எங்கள் ஃபயர்வாலில் யாரோ எப்போதோ பாதுகாப்பு என்று நினைத்து, பிங்கைத் தவிர மற்ற ஐசிஎம்பியை மொத்தமாகத் தடுத்திருந்தார்கள். ஆக, பெரிய பாக்கெட் வாசலில் விழுந்து செத்தது, செத்த செய்தியும் வந்து சேரவில்லை.

ஃபயர்வாலில், ஒரு பாக்கெட்டில் ஏற்றக்கூடிய தரவின் உச்ச அளவான டிசிபியின் எம்எஸ்எஸ்ஸை 1,350 என்று கட்டுப்படுத்தி, அந்த ஒரு வகை ஐசிஎம்பி செய்தியை மட்டும் அனுமதித்தார். என்டர் தட்டிய கையோடு கிராஃபானாவில் கோடுகள் முளைத்தன. அதன் பின்விளைவு ஒன்றும் இருந்தது. டீலர் போர்ட்டலில் பெரிய ஆர்டர்கள் எப்போதாவது தொங்கி நிற்கும் என்று ஒரு பழைய புகார் உண்டு. அதற்கப்புறம் அது வரவே இல்லை. விபிஎன் வழியாக எதை நிறுவினாலும், முதல் நாளே இந்தப் பிங் சோதனையைச் செய்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, என் இரண்டு நாளை மிச்சப்படுத்தியிருக்கும்.

அடுத்து டிரேஸ்கள், அதாவது ஒரு கோரிக்கையின் முழுப் பயணத்தைத் துண்டு துண்டாக, நேரத்தோடு காட்டும் படம். நான் உண்மையில் தேடி வந்தது இதைத்தான். ஜாவா சேவைகளுக்கு ஓப்பன்டெலிமெட்ரி ஏஜென்ட் கோப்பு ஒன்றைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்தால் போதும், நிரலைத் தொட வேண்டியதில்லை. ஜாவா 8 முதல் வேலை செய்யும். எங்களிடம் ஜாவா 6-இல் ஒரு பழைய வரிக் கணக்குச் சேவை இருந்தது. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். அதைத் தொட யாருக்கும் துணிவில்லை, அப்படியே விட்டோம்.

முதல் படத்தைத் திறந்து பார்த்தால், கோவையில் விலைச் சேவை பதில் தரும் வேலை, மும்பை கேள்வி கேட்பதற்கு 40 நொடி முன்னாலேயே தொடங்கியிருந்தது! சிரித்துவிட்டோம். கடிகாரம்தான் காரணம். விண்டோஸ் சர்வர்கள், தங்களை நிர்வகிக்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரைப் பார்த்து நேரம் வைத்துக்கொண்டன. டொமைன் கன்ட்ரோலர் ஒரு விர்ச்சுவல் இயந்திரம், அது தன்னைத் தாங்கும் ஹோஸ்டைப் பார்த்து வைத்துக்கொண்டது. ஹோஸ்ட் யாரையும் பார்க்கவில்லை. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவிலேயே, தேசிய தகவல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களோடு கணினிகளை ஒத்திசைக்க வேண்டும் என்று இருக்கிறது. பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். இந்த இரண்டாவது விஷயம் எனக்கு வேறு விதத்தில் உதவியது. பதிவுகளுக்கு டிஸ்க் வாங்கித் தரமாட்டேன் என்ற நிதிப் பிரிவு, உத்தரவின் அச்சுப் பிரதியைப் பார்த்ததும் வாங்கித் தந்தது.

கடிகாரம் சரியானதும் இன்னொரு சிக்கல் வெளியே வந்தது. மும்பைத் துண்டும் கோவைத் துண்டும் ஒட்டவில்லை, ஒரே ஆர்டருக்கு இரண்டு தனித்தனிப் படங்கள். ஒரு கோரிக்கையின் அடையாள எண் கோரிக்கையோடு ஒட்டிப் போகும் 'டிரேஸ்பேரன்ட்' என்ற தலைப்பில்தான் ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்குப் பயணிக்கும். சர்வர் ரூம் வாசலில் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் எங்கள் ரிவர்ஸ் ப்ராக்ஸி, தனக்குத் தெரிந்த தலைப்புகளை மட்டும் உள்ளே விட்டு மற்றதைக் கழற்றிவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. அனுமதிப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்த்தோம். துண்டுகள் ஒட்டிக்கொண்டன.

நடுவில் ஒரு நாள் மும்பைப் பிரோமிதியஸ் நினைவகம் தீர்ந்து விழுந்தது. எங்கள் டீம் தம்பி ஒருவர், எந்த டீலருக்கு மெதுவாக இருக்கிறது என்று தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று டீலர் குறியீட்டை லேபிளாகச் சேர்த்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் லேபிளின் ஒவ்வொரு மதிப்புக்கும் பிரோமிதியஸ் தனித் தொடர்களை உருவாக்கும். 1,400 டீலர், 12 வகை கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரமானது என்று வகைப்படுத்தும் ஹிஸ்டோகிராமின் 14 தொடர்கள் என்று பெருக்கினால் 2,35,200. மொத்தக் கோவை வளாகத்தின் தொடர்களைப் போல எட்டு மடங்கு, ஒரே வரி நிரலில். டீலர் குறியீடு இருக்க வேண்டிய இடம் டிரேஸ்தான் என்று அங்கே மாற்றினோம்.

எச்சரிக்கைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இணையத்தில் கிடைத்த விதிகளை அப்படியே ஏற்றினேன், முதல் வாரம் யாரும் தூங்கவில்லை, இரண்டாம் வாரம் எல்லாரும் அந்தக் குழுவை மியூட் செய்தார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஆர்டர் போட எவ்வளவு நேரமாகிறது, எத்தனை ஆர்டர் தோல்வி, டிஸ்க் எப்போது நிரம்பும், விபிஎன் உயிரோடு இருக்கிறதா என்று நாலே நாலில் மறுபடி தொடங்கினோம். கூடவே, எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ஒரு எச்சரிக்கை. அது வெளியே உள்ள வேறொரு சேவைக்குப் போய்க்கொண்டிருக்கும். நின்றுபோனால் அந்தச் சேவை எங்களைக் கூப்பிடும். மானிட்டரிங் தானே செத்துப்போனால் சொல்ல ஆள் வேண்டுமே.

மானிட்டரிங்கே தடுமாறினால் என்ன ஆகும் என்று ஒரு மழைநாளில் தெரிந்தது. சாக்கடை தோண்டிய இயந்திரம் ஃபைபரை அறுத்துவிட்டது. மூன்று மணி நேரம் கோவைக்கும் மும்பைக்கும் பேச்சில்லை. லிங்க் வந்தபின் மும்பை கிராஃபானாவைப் பார்த்தால் நடுவில் ஓட்டை. பிரோமிதியஸ் ரிமோட் ரைட்டில் எதிர்ப்பக்கம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்காவிட்டால், அனுப்பாமல் கிடந்த தரவு இழக்கப்படும். அதை ஆவணத்தில் படித்திருந்தேன், உறைக்கவில்லை. நல்லவேளை, கோவைப் பிரோமிதியஸ் தன் சொந்த டிஸ்கில் எல்லாவற்றையும் வைத்திருந்தது. இடத்தை மிச்சப்படுத்த அதை வெறும் அனுப்பும் ஏஜென்டாக ஓட்டியிருந்தால், கோவையில் திறந்து பார்க்க எதுவும் இருந்திருக்காது. டிரேஸ்கள் முழுக்கப் போய்விட்டன. டிரேஸ்களைச் சேர்த்து அனுப்பும் ஓப்பன்டெலிமெட்ரி கலெக்டர், நாம் எதுவும் மாற்றாவிட்டால் ஐந்து நிமிடம் மறுபடி மறுபடி முயன்றுவிட்டுக் கைவிட்டுவிடும். வரிசையையும் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். அன்று மாலையே வரிசையை டிஸ்குக்கு மாற்றி, மறுமுயற்சியின் வரம்பையும் எடுத்துவிட்டேன். கோவையிலும் ஒரு சின்ன கிராஃபானாவை நிறுவினேன். லிங்க் போன நேரத்தில்தான் எல்லாரும் கிராஃபைக் கேட்கிறார்கள், அப்போது அது மும்பையில் இருந்து என்ன பயன்?

சரி, 11 மணிக்கு வருவோம்.

எல்லாம் ஒட்டி ஓட ஆரம்பித்த முதல் திங்கட்கிழமை, 10.55-க்கே நாலு பேரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்தோம். 11.04-க்கு ஒரு ஆர்டர் 9 நொடி எடுத்தது. படத்தைத் திறந்தால் விபிஎன் பயணம் சில பத்து மில்லி நொடிகள்தான். டேட்டாபேஸ் வினவல் 12 மில்லி நொடி. மீதி நேரம் முழுக்க விலைச் சேவைக்குள் வெற்றிடம், எந்தத் துண்டும் இல்லாத நீண்ட பட்டை. டேட்டாபேஸ்காரர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அண்ணன் சிரித்தார்.

அந்த நேரத்தின் மற்ற எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். விலைச் சேவையிடம் டேட்டாபேஸுக்கு 10 இணைப்புகள்தான் இருந்தன. இணைப்புகளை நிர்வகிக்கும் நிரல் நூலகம் வரும்போதே வைத்திருக்கும் எண் அது, யாரும் மாற்றவில்லை. பத்தும் நிறைந்து, பின்னால் 20, 30 பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். பிடித்து வைத்திருந்தது யார்? 'முழு விலைப் பட்டியல் தா' என்ற ஒரு கோரிக்கை, எட்டு இடங்களிலிருந்து மறுபடி மறுபடி. அது டேட்டாபேஸ் இணைப்பைக் கையில் பிடித்துக்கொண்டே, ஒவ்வொரு பொருளுக்கும் அந்த ஜாவா 6 வரிச் சேவையை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது. டேட்டாபேஸுக்கு வேலையே இல்லை, அதனால்தான் சிபியு 20 சதவீதம். இணைப்புகள் மட்டும் சும்மா பிடிபட்டுக் கிடந்தன.

அந்த எட்டு முகவரிகளும் விற்பனைப் பிரிவு மண்டல மேலாளர்களின் கணினிகள். 11.30 மீட்டிங்குக்கு முன்னால் எல்லாரும் ஒரே எக்செல் கோப்பைத் திறந்து ரெஃப்ரெஷ் தட்டுவார்கள். அதை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பெண்டிரைவில் வந்த சொத்து. மூத்த மேலாளரிடம் போய்ப் பக்குவமாகச் சொன்னேன். "இதை மூடிட்டா, எம்.டி. கேட்டாருன்னா நீங்க வந்து பதில் சொல்றீங்களா தம்பி?" என்றார். நியாயமான கேள்வி.

விலைப் பட்டியலை தினமும் காலை 6 மணிக்கு ஒரே முறை உருவாக்கி, பொது டிரைவில் போட்டுவிட்டோம். எக்செல் அதை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். விலைச் சேவையின் நிரலிலும், வரி கேட்கப் போகுமுன் இணைப்பை விட்டுவிடும்படி மாற்றினோம்.

அடுத்த திங்கட்கிழமை 11 மணிக்கு கிராஃபையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு அசையவில்லை. 11.10-க்கு என் போன் அடித்தது. அதே மூத்த மேலாளர்.

"தம்பி, ஃபைலு ரெண்டு செகண்டுல வந்துருச்சு. பழைய வெலையா இருக்குமோ?"